அமாவாசையன்று நிலவு எங்கிருந்து இழுக்கிறது?

யாங்கோனுக்கு அருகே சிரியத்தில் பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "நிலவு இழுப்பதால்தான் கடல் ஏறுகிறது என்று பாடத்தில் இருக்கிறது. நிலவு ஒன்றுதானே, பிறகு ஆற்றில் ஒரு நாளைக்கு இரண்டு முறை தண்ணீர் ஏறுவது ஏன்? அமாவாசையன்று வானத்தில் நிலவே தெரிவதில்லை. அன்றைக்குத்தான் ஏற்றம் அதிகம் என்கிறார் படகுக்காரர். மொரீஷியஸில் இருக்கும் தமிழ் நண்பன் ஒருவன், எங்கள் கடல் முழங்கால் அளவுகூட ஏறாது என்கிறான். இரண்டு ஊருக்கும் நிலவு ஒன்றுதானே? நம் உடம்பிலும் தண்ணீர்தானே இருக்கிறது, அதையும் நிலவு இழுக்குமா என்று அம்மா கேட்கச் சொன்னார்."

நான்கு கேள்விகளும் அசல் கேள்விகள். முதல் கேள்வியைப் பல ஆண்டுகளாக என்னிடம் இயற்பியல் படிக்க வந்த பிள்ளைகளில் மிகச் சிலரே கேட்டார்கள். மற்றவர்கள் "நிலவு இழுக்கிறது, கடல் ஏறுகிறது" என்று எழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த ஒரு வரி பாதி உண்மை. மீதிப் பாதியைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் ஆற்றைப் பார்ப்போம். யாங்கோனில் பான்சோடான் படகுத்துறையிலிருந்து எதிர்க்கரையில் உள்ள டல்லாவுக்குப் போகிற எவருக்கும் அந்த இரும்புப் பாலம் தெரியும். ஒரு முனை கரையில் பொருத்தப்பட்டிருக்கும். மறு முனை மிதக்கும் மேடையின் மேல் இருக்கும். ஏற்றம் முடியும் நேரத்தில் பாலம் ஏறக்குறைய மட்டமாகக் கிடக்கும். சைக்கிளைக்கூட ஒரு கையால் தள்ளிக்கொண்டு போகலாம். ஆறு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தால் அதே பாலம் சரிந்து கீழே இறங்கியிருக்கும். கீரைக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மேலே ஏறும் பெண்கள் விரல்களை ஊன்றி, உடம்பை முன்னால் சாய்த்து, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறுவார்கள். தூண்களில் ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே ஈரச் சேறு பூசியிருக்கும். சேற்றின் மேல் விளிம்பு கோடு போட்டதுபோல நேராக இருக்கும். ஆறு அன்று எதுவரை வந்தது என்பதற்கு அதுவே கையெழுத்து.

என் அப்பா ஒரு லாஞ்சில் சாரங்காக, அதாவது படகுத் தலைவராக, இருந்தவர். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது கடிகாரத்தைப் பார்ப்பதற்கு முன் "இன்றைக்கு என்ன திதி?" என்றுதான் கேட்பார். அம்மா நாட்காட்டியைப் பார்த்துச் சொல்வார். அதற்குள் அப்பா மனத்தில் கணக்குப் போட்டு முடித்திருப்பார்: எத்தனை மணிக்கு ஏற்றம், டல்லா ஓடையின் வாயில் லாஞ்சு தரை தட்டுமா, தட்டாதா என்று. சின்ன வயதில் எனக்கு அது மந்திரம்போல இருந்தது. அதில் மந்திரம் எதுவும் இல்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டபோது வியப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

இனி முதல் கேள்வி. நிலவு பூமியிலிருந்து சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. பூமியின் ஆரம் சுமார் 6,400 கிலோமீட்டர். தொலைவு கூடினால் ஈர்ப்பு குறையும். ஆகவே நிலவைப் பார்த்த பக்கத்தில் இருக்கும் கடல், பூமியின் நடு மையத்தைவிட ஏறக்குறைய 3.4 சதவீதம் அதிகமாக இழுக்கப்படுகிறது. மறுபக்கத்துக் கடல், மையத்தைவிட ஏறக்குறைய 3.2 சதவீதம் குறைவாக இழுக்கப்படுகிறது. ஏற்றவற்றத்துக்குக் காரணம் இந்த வித்தியாசம்தான். நிலவின் மொத்த இழுப்பு பூமி முழுவதையும் சேர்த்து நகர்த்துகிறது; அதில் கடல் உயர்வதற்கு ஒன்றும் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் இழுப்பு வேறுபடுவதால்தான் பூமி இருபுறமும் நீள முயல்கிறது.

இதை ஆற்றிலேயே காட்டலாம். மூன்று சம்பான்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆற்றோடு போகின்றன. துடுப்பை யாரும் தொடவில்லை, நீரோட்டம்தான் கொண்டுபோகிறது. முன்னால் இருக்கும் சம்பானுக்கு ஓட்டம் வேகம். நடுவில் இருப்பதற்குக் கொஞ்சம் குறைவு. கடைசிக்கு இன்னும் குறைவு. நீங்கள் நடுச் சம்பானில் உட்கார்ந்திருக்கிறீர்கள். முன்னால் இருப்பது உங்களைவிட்டு விலகிப் போகிறது. பின்னால் பார்த்தால் அதுவும் விலகுகிறது! பின்னால் இருப்பதை யாரும் பின்னோக்கி இழுக்கவில்லை. நீங்கள் அதைவிட வேகமாக முன்னே போய்விட்டீர்கள், அவ்வளவுதான். முன் சம்பான் நிலவைப் பார்த்த பக்கத்துக் கடல், நடுச் சம்பான் பூமி, கடைசிச் சம்பான் மறுபக்கத்துக் கடல். ஒரு நிலவு இரண்டு வீக்கங்களை உண்டாக்கும் விதம் இதுதான். பூமி தன்னைத் தானே சுற்றும்போது ஓர் ஊர் இரண்டு வீக்கங்களையும் கடக்கிறது. இரண்டு ஏற்றங்கள் வருகின்றன.

"பூமி நிலவை நோக்கிப் போகிறதா என்ன?" என்று கேட்கத் தோன்றும். ஆம், போகிறது. நிலவு மட்டும் பூமியைச் சுற்றவில்லை. இரண்டும் ஒரு பொதுப் புள்ளியைச் சுற்றுகின்றன. அந்தப் புள்ளி பூமிக்குள்ளேயே, மையத்திலிருந்து சுமார் 4,670 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பூமி அதைச் சுற்றி மாதம் ஒரு சிறு வட்டம் போடுகிறது. வட்டம் போடுவது என்றாலே ஒவ்வொரு கணமும் நிலவின் பக்கம் விழுந்துகொண்டே இருப்பதுதான்.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கேயே களைந்துவிட வேண்டும். நிலவு கடல்நீரை வாளியில் மொண்டு தூக்குவதுபோல நேர் மேலே தூக்கவில்லை. அந்த மேல்நோக்கிய இழுப்பு பூமியின் ஈர்ப்பில் ஏறக்குறைய 90 லட்சத்தில் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவர், நிலவு உச்சியில் இருக்கும்போது சுமார் 7 மில்லிகிராம் எடை குறைவார். ஓர் அரிசி மணியின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. அம்மாவின் கேள்விக்கு இதுவே பதில். உடம்பில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் நிலவு அதை அசைக்காது. கடலை அசைப்பது பக்கவாட்டுத் தள்ளல். நிலவுக்கு நேர் கீழேயும் இல்லாமல், தொடுவானத்திலும் இல்லாமல், இடைப்பட்ட இடங்களில் இருக்கும் நீர் மிக மெல்லிய விசையால் கிடைமட்டமாக நகர்த்தப்படுகிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரப்பில் அப்படி நகர்ந்த நீர் ஒன்றுசேர்ந்தால்தான் மட்டம் உயரும். நம் உடம்பு ஓர் ஆள் நீளம். இன்லே ஏரி இருபது சொச்சம் கிலோமீட்டர். இவற்றில் நீர் சேர்வதற்கு நீளம் போதாது. கடலுக்குத்தான் அந்த நீளம் உண்டு.

அடுத்தது அமாவாசை. தலைப்பிலேயே அந்தக் கேள்வியை வைத்திருக்கிறேன். எனக்கு இது மிகவும் பிடித்த கேள்வி. அமாவாசையன்று நிலவு எங்கும் போய்விடவில்லை. சூரியன் இருக்கும் திசையிலேயே, பகலில் வானத்தில்தான் இருக்கிறது. அதன் இருண்ட முகம் நம் பக்கம் இருப்பதால் தெரியவில்லை. ஒளிக்கும் இழுப்புக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

சூரியனும் கடலை இழுக்கிறது. சூரியனின் நிறை நிலவின் நிறையைவிட சுமார் 2.7 கோடி மடங்கு. ஆனால் அது 390 மடங்கு தொலைவில் இருக்கிறது. ஏற்றவற்றத்தை உண்டாக்கும் வித்தியாச விசை தொலைவின் கனத்துக்கு ஏற்பக் குறையும்: 390ஐ மூன்று முறை பெருக்கினால் ஏறக்குறைய 5.9 கோடி. 2.7ஐ 5.9ஆல் வகுத்தால் 0.46. அதாவது, கடல் விஷயத்தில் நிலவின் பலம் ஒன்று என்றால் சூரியனின் பலம் அரைக்குச் சற்றுக் குறைவு. பூமியை மொத்தமாக இழுப்பதில் சூரியன்தான் நிலவைவிடப் பல மடங்கு வலியது. கடலை நீட்டுவதில் மட்டும் பக்கத்தில் இருக்கும் சின்னவன் தொலைவில் இருக்கும் பெரியவனை வென்றுவிடுகிறான்.

சூரியன், நிலவு, பூமி மூன்றும் ஒரே வரிசையில் வரும்போது இரண்டு வீக்கங்களும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுகின்றன. வரிசை இரண்டு விதமாக அமையலாம்: நிலவு சூரியன் பக்கத்தில் இருந்தால் அமாவாசை, எதிர்ப் பக்கத்தில் இருந்தால் பௌர்ணமி. வீக்கம் இருபுறமும்தான் என்பதால் நிலவு எந்தப் பக்கம் நின்றாலும் கூட்டல் கணக்கு ஒன்றே. இந்த இடத்தில் நம் மொழியை நினைத்து எனக்கு மனம் பூரிக்கும். பழந்தமிழில் ‘உவா’ என்ற ஒரே சொல் பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் உண்டு. முதலாவது வெள்ளுவா, இரண்டாவது காருவா. கண்ணுக்கு நேர் எதிரான இரண்டு இரவுகள், கடலுக்கு ஒன்றேயான இரண்டு நாட்கள், பெயரும் ஒன்று.

அஷ்டமியை ஒட்டி அரை நிலவு. அப்போது சூரியன் ஒரு திசையிலும் நிலவு அதற்குச் செங்குத்தான திசையிலும் நிற்கும். ஒன்று உயர்த்தும் இடத்தில் மற்றது தாழ்த்தும். கணக்குப்படி உவா நாளில் 1.46, அஷ்டமியில் 0.54, விகிதம் 2.7. நம் ஆறு என்ன சொல்கிறது? யாங்கோன் துறைமுகத்தில் உவாவை ஒட்டிய ஏற்றவற்ற வித்தியாசம் சராசரியாக 5.85 மீட்டர், அஷ்டமியை ஒட்டி 2.55 மீட்டர். விகிதம் 2.3. வானத்தில் நடக்கும் கணக்கு, சேறும் மணலும் நிறைந்த ஓர் ஆற்றில் இவ்வளவு நெருக்கமாக வந்து நிற்கிறது என்பதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது. மிச்ச வித்தியாசத்தில் ஆற்றின் தரைக்கும் பங்கு உண்டு: நீர் வேகமாக ஓடினால் தரையோடு உராய்வதும் அதிகம், அதனால் பெரிய ஏற்றம் சிறிய ஏற்றத்தைவிட அதிகமாகத் தேய்ந்துவிடுகிறது.

நம் நாட்காட்டியை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம் எல்லாம் பௌர்ணமியை ஒட்டி வருகின்றன. ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் பெயரிலேயே சொல்லிவிடுகின்றன. நம் பர்மியர் அண்டை வீட்டார் உபோசத நாளாக, அதாவது நோன்பு நாளாக, காக்கும் நான்கு நாட்கள் வளர்பிறை எட்டாம் நாள், ‘லப்யே’ என்னும் பௌர்ணமி, தேய்பிறை எட்டாம் நாள், ‘லக்வே’ என்னும் அமாவாசை. ஆற்றின் இரண்டு பெரிய ஏற்றங்களும் இரண்டு சிறிய ஏற்றங்களும் அந்த நான்கையும் ஒட்டியே வருகின்றன. பர்மிய நாட்காட்டி வீட்டில் இருந்தால் ‘டீயே’ எனப்படும் ஓதத்தின் போக்கும் வீட்டில் இருக்கிறது என்று பொருள்.

ஆனால் உச்ச ஏற்றம் உவா நாளிலேயே வராது. பெரும்பாலான துறைமுகங்களில் ஒன்று இரண்டு நாட்கள் தள்ளித்தான் வரும். அப்பா "பிரதமையும் துவிதியையும்தான் பார்க்க வேண்டும்" என்பார். பெருங்கடலின் நீருக்கு நிறையும் உராய்வும் உண்டு. தள்ளினால் உடனே ஒத்துவராது, சற்றுத் தாமதித்தே ஒத்துவரும். ஆடி அமாவாசைக்கு முன்னோரை நினைத்து ஆற்றில் இறங்குகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த நாட்களில் வற்றும் நீரின் இழுவை மிகக் கடுமை. மழைக்கால வெள்ளமும் அதோடு சேர்ந்துகொள்ளும். ஏற்றம் முடிந்து நீர் நிற்கும் வேளையில், படித்துறையை விட்டு நகராமல் குளிப்பது நல்லது.

நீர் நிற்கும் வேளை என்றேன். அதைப் பார்க்க ஆகாயத்தாமரைதான் சரியான கருவி. வற்றத்தில் ஆகாயத்தாமரைக் கொத்துகள் கடலை நோக்கிப் போகும். பிறகு மெதுவாகும். ஒரு கொத்து நின்று, அங்கேயே அரை வட்டம் திரும்பி, வந்த வழியே மேல்நோக்கிப் போகத் தொடங்கும். பக்கத்தில் இருக்கும் தூணையும் அப்போது கவனியுங்கள். ஏற்றம் முடிந்து தூணில் நீர்மட்டம் இறங்கத் தொடங்கிவிட்ட பிறகும் ஆகாயத்தாமரை இன்னும் சிறிது நேரம் மேல்நோக்கியே போய்க்கொண்டிருப்பதைக் காணலாம். மட்டம் திரும்புவதும் ஓட்டம் திரும்புவதும் ஒரே கணத்தில் நடப்பதில்லை. ஆற்றில் நுழைவது ஒரு நீண்ட அலை என்பதற்கு இது அடையாளம்.

தினமும் ஏற்றம் தள்ளிப்போவதற்கும் நிலவே காரணம். பூமி ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் நிலவு தன் பாதையில் சற்று முன்னேறிவிடும். அதை எட்டிப் பிடிக்கப் பூமிக்கு இன்னும் 50 நிமிடங்கள் வேண்டும். எனவே நிலவின் நாள் 24 மணி 50 நிமிடம்; ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே 12 மணி 25 நிமிடம். இன்று காலை ஆறு மணிக்கு ஏற்றம் என்றால் நாளை 6.50க்கு, மறுநாள் 7.40க்கு. இப்படியே தள்ளிக்கொண்டு போனால் ஏறக்குறைய பதினைந்து நாளில் மறுபடி ஆறு மணிக்கு வந்து நிற்கும். இதனால் ஒரு துறைமுகத்தில் பெரிய ஏற்றம் எப்போதும் ஏறக்குறைய ஒரே மணிக்கு வரும். அப்பாவின் மனக்கணக்குக்கு அடிப்படை இதுவே: தன் துறையில் பௌர்ணமிக்கு எத்தனை மணி என்று தெரிந்தால் போதும், திதிக்கு ஐம்பது நிமிடம் கூட்டிக்கொண்டே போகலாம்.

இதுவரை சொன்னது நியூட்டன் 1687இல் கொடுத்த விளக்கத்தின் சாரம். அது மட்டுமே உண்மை என்றால் நிலவு உச்சிக்கு வரும்போது எல்லா ஊரிலும் ஏற்றம் இருக்க வேண்டும்; உயரமும் எல்லா இடத்திலும் அரை மீட்டர் சொச்சமாகத்தான் இருக்க வேண்டும். நிலவால் திறந்த கடலில் கிடைக்கும் ஏற்றவற்றம் கணக்குப்படி அதிகபட்சம் 54 சென்டிமீட்டர், சூரியனால் 25. யாங்கோனில் கிட்டத்தட்ட ஆறு மீட்டர் எப்படி வந்தது?

இங்கேதான் பாடப்புத்தகத்தின் படம் நம்மை ஏமாற்றுகிறது. முட்டை வடிவத்தில் கடல் பூமியைப் போர்த்தியிருக்கும், பூமி அதற்குள் சுழலும் என்று வரைகிறார்கள். பூமியின் நடுக்கோடு நிலவுக்குக் கீழே மணிக்கு சுமார் 1,600 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நாலாயிரம் மீட்டர் ஆழமுள்ள கடலில் இப்படிப்பட்ட நீண்ட அலை மணிக்கு சுமார் 710 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாது. நிலவின் பின்னால் கடலால் ஓட முடியாது என்பதுதான் உண்மை. கண்டங்கள் வேறு குறுக்கே நிற்கின்றன. பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸ் 1770-களில் இதைச் சரியாகக் கணக்கிட்டார்: ஒவ்வொரு கடலும் ஒரு தொட்டி. நிலவு 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை அந்தத் தொட்டியை அசைக்கிறது. தொட்டி தன் வடிவத்துக்கும் ஆழத்துக்கும் ஏற்ப ஆடுகிறது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் அது உயர உயரப் போகும். தவறான நேரத்தில் தள்ளினால் அடங்கிவிடும். கனடாவின் ஃபண்டி விரிகுடா சரியான ஊஞ்சல். அதன் இயல்பான ஆட்டம் நிலவின் தாளத்துக்கு மிக நெருக்கம், அதனால் அங்கே ஏற்றவற்றம் 16 மீட்டர் வரை போகிறது. நேரத்தை நிலவு கொடுக்கிறது, உயரத்தைக் கரை தீர்மானிக்கிறது.

மொரீஷியஸ் நண்பனுக்கு இதைச் சொல்லுங்கள். அவனுடைய தீவு ஆழ்கடலின் நடுவே எழுந்து நிற்கும் எரிமலை. அலை வந்தால் நிமிர்ந்து நிற்க அகலமான ஆழமற்ற தரை கிடையாது, நெருக்கிப் பிடிக்க இரண்டு கரைகள் கிடையாது. இருபுறமும் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. போர்ட் லூயியில் உவா நாளில்கூட அரை மீட்டர் அளவுதான். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அதே உவா நாளில் இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. நம் தாத்தாக்கள் கப்பல் ஏறி வந்த சென்னையில் சுமார் ஒரு மீட்டர். நிலவு ஒன்றுதான், கரைகள் வேறு.

நம் மார்த்தபான் வளைகுடா இதற்கு நேர்மாறு. வரைபடத்தில் பார்த்தால் புனல் மாதிரி இருக்கும். தெற்கே அகன்ற வாய், வடக்கே சிட்டாங் ஆற்றின் முகத்தில் குறுகிய கழுத்து. ஐராவதியும் சால்வினும் சிட்டாங்கும் யுகம் யுகமாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டலால் தரை மேடாகிவிட்டது. ஆழம் குறைந்தால் அலை மெதுவாகும், பின்னால் வரும் நீர் முன்னதன்மேல் நெருக்கும், மட்டம் உயரும். இரண்டாயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து இருபது மீட்டர் ஆழத்துக்கு வந்தால் உராய்வை விட்டுவிட்ட எளிய கணக்குப்படி அலையின் உயரம் மூன்று மடங்காகும். அகலம் நாலில் ஒன்றாகக் குறைந்தால் அதுவே மேலும் இரட்டிப்பாகும். வளைகுடாவின் தலைப்பகுதியில் உவா நாட்களில் ஏற்றவற்றம் ஆறு, ஏழு மீட்டரைத் தொடுவது இப்படித்தான்.

அந்த நாட்களில் வளைகுடாவின் நிறமே மாறிவிடும். செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வில், சிறு ஏற்ற நாட்களில் சுமார் 15,000 சதுர கிலோமீட்டராக இருக்கும் கலங்கல் பரப்பு, பெரிய ஏற்ற நாட்களில் 45,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் விரிகிறது என்று கண்டார்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை நிலவும் சூரியனும் சேர்ந்து ஒரு வளைகுடாவின் அடிச்சேற்றையே கிளறிவிடுகின்றன. அந்தச் சேற்றுப் படுகையில் இரை தேட வெளிநாட்டுப் பறவைகள் வருகின்றன; 2017இல் இது ராம்சர் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. சேறு ஒரு பக்கம் சேரும்போது மறுபக்கம் கரை அறுந்து போகிறது. சிட்டாங் முகத்தை ஒட்டிய கிராமங்கள் வயலையும் வீட்டையும் இழந்து உள்ளே உள்ளே தள்ளிப்போய்க்கொண்டிருக்கின்றன. அந்த மக்களுக்கு ஏற்றவற்றம் பாடமல்ல, வாழ்க்கை.

சிட்டாங் ஆற்றில் இன்னொரு காட்சியும் உண்டு. பெரிய ஏற்றத்தின் முன்முகம் குறுகிய, ஆழமற்ற ஆற்றுக்குள் நுழையும்போது சாய்வாக ஏறாமல், சுவர்போல நிமிர்ந்து நுரைத்து, ஆற்றை எதிர்த்து மேலே ஓடுகிறது. பழைய நாட்களில் இது நெல் படகுகளைக் கவிழ்த்துவிடும் என்ற அச்சம் இருந்தது. ஆற்றுமுகத்தைத் தவிர்த்துப் படகுகள் உள்வழியாகவே போய்வர வேண்டும் என்றுதான் ஆங்கிலேயர் 1870-களில் பெகு–சிட்டாங் கால்வாயை வெட்டினார்கள். நிலவு கொடுத்த அலைக்கு அஞ்சி மனிதர் வெட்டிய கால்வாய் அது. மௌல்மேன் பக்கம் போகிறவர்கள் கியாய்க்கமியில், பழைய ஆம்ஹர்ஸ்டில், கடலுக்குள் கட்டிய பகோடாவைப் பார்த்திருப்பார்கள். ஏற்றத்தில் நடைபாதை முழுகும். வற்றத்தில் பாறைகளைப் பார்த்துக்கொண்டே நடந்து போகலாம்.

யாங்கோன் நகரமும் இந்த ஏற்றத்தில்தான் வாழ்கிறது. துறைமுகம் கடலிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கிறது. வழியில் மங்கி பாயிண்ட் மணல்திட்டு. பெரிய கப்பல் ஏற்றத்துக்காகக் காத்திருந்துதான் அதைக் கடக்கும். மழைக்காலத்தில் பெருமழையும் பெரிய ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் சாக்கடை நீர் ஆற்றில் இறங்க வழியின்றித் தெருவிலேயே நிற்கும். எங்கள் தெருவில் அப்படி நின்ற ஒரு மாலையில் பக்கத்து வீட்டுப் பாட்டி வாசற்படியில் உட்கார்ந்து "வற்றம் தொடங்கட்டும், தானே போய்விடும்" என்றார். இரண்டு மணி நேரத்தில் போய்விட்டது. அவர் பள்ளிக்கூடம் போனவர் அல்லர்.

நேரத்தையும் உயரத்தையும் முன்கூட்டியே எப்படி அச்சிடுகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு துறைமுகத்தில் ஓராண்டாவது நீர்மட்டத்தை மணிக்கு மணி அளந்தால், அதற்குள் ஒளிந்திருக்கும் தாளங்களைப் பிரித்துவிடலாம்: நிலவின் 12 மணி 25 நிமிடம், சூரியனின் 12 மணி, நிலவு நெருங்கி விலகும் தாளம், அது வடக்கும் தெற்கும் சாயும் தாளம் என்று பல. பிரித்ததைக் கூட்டினால் வருங்காலம் தெரியும். கெல்வின் பிரபு 1870-களில் இதற்குச் சக்கரங்களும் கப்பிகளும் கொண்ட ஓர் இயந்திரம் செய்தார். இந்தியத் துறைமுகங்களுக்கென்றே 1879இல் ஒன்று செய்யப்பட்டது. இந்திய நில அளவைத் துறை அந்த நூற்றாண்டின் இறுதியில் ரங்கூனிலும் மௌல்மேனிலும் அளவுகோல் வைத்து அளந்தது. அப்பா திதியைக் கேட்டுச் செய்ததை அந்த இயந்திரம் இன்னும் பல தாளங்களோடு செய்தது.

நிலவு நெருங்கி விலகுவது சின்ன விஷயமல்ல. மிக அருகே வரும்போது சுமார் 3,57,000 கிலோமீட்டர், மிகத் தொலைவில் சுமார் 4,06,000. விசை கனத்துக்கு ஏற்ப மாறுவதால் இரண்டுக்கும் இடையே 45 சதவீதத்துக்கும் மேல் வித்தியாசம். நெருங்கிய நிலவும் உவாவும் சேர்ந்தால் அந்த மாதம் ஏற்றம் அதிகம். பங்குனியிலும் புரட்டாசியிலும் சூரியன் நடுக்கோட்டுக்கு நேரே இருப்பதால் அப்போதும் அதிகம்.

பயத்தோடு கேட்கப்படும் ஒரு விஷயத்தையும் விட முடியாது. 2004 டிசம்பர் 26 பௌர்ணமி நாள். அதனால் ஆழிப்பேரலையை நிலவு கொண்டுவந்தது என்று பேசுகிறவர்கள் உண்டு. அது சுமத்ராவுக்கு அருகே கடலடித் தரை உடைந்து எழுந்த அலை. 2008 மே 2 அன்று நர்கிஸ் புயல் ஐராவதி கழிமுகத்தில் கொண்டுவந்த நீரும் நிலவின் வேலை அல்ல. காற்று தள்ளிய நீர். 1,30,000க்கும் மேற்பட்டோர் இறந்தோ காணாமலோ போனார்கள். இவை இரண்டும் நாள் பார்த்து வருவதில்லை. ஆனால் புயல் நீர் பெரிய ஏற்றத்தோடு சேர்ந்தால் மட்டம் இன்னும் உயரும். ஆகவே புயல் எச்சரிக்கை கேட்டால் திதியையும் பாருங்கள்.

கடல் நிலவுக்குத் திருப்பிச் செய்வதும் ஒன்று உண்டு. பூமி வேகமாகச் சுழல்வதால் கடலின் வீக்கம் நிலவுக்குச் சற்று முன்னே இழுத்துச் செல்லப்படுகிறது. அந்த வீக்கம் நிலவை முன்னோக்கி இழுத்து, மெல்ல மேல்பாதைக்கு ஏற்றுகிறது. 1969இல் அப்போலோ 11 வைத்துவிட்டு வந்த கண்ணாடிகள்மேல் லேசர் கதிர் பாய்ச்சி அளந்ததில் நிலவு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகுவது தெரிந்தது. பூமியின் சுழற்சியும் அதற்கேற்பத் தளர்கிறது. சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பவளப் படிவங்களில் நாள்வரிகளை எண்ணியபோது ஆண்டுக்கு ஏறக்குறைய 400 நாட்கள் இருந்தன. மார்த்தபான் சேற்றில் நீர் உராயும் ஒவ்வொரு முறையும் நம் நாள் இம்மியளவு நீள்கிறது.

தம்பி, ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் படகுத்துறையில் ஒரு தூணைத் தேர்ந்தெடுத்து, ஒரு மாதம் தினமும் ஏற்றம் முடியும் நேரத்தையும் சேற்றுக் கோட்டின் உயரத்தையும் நோட்டில் எழுதுங்கள், பக்கத்தில் திதி. தண்ணீருக்குள் இறங்க வேண்டாம், மேலிருந்தே பாருங்கள். அப்பாவின் பழைய நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. பான்சோடான் துறையில் அவர் பென்சிலால் எழுதிய நேரங்கள் அதில் உண்டு. உங்கள் துறை கடலுக்கு இன்னும் அருகில் இருப்பதால், அவருடையதைவிட உங்கள் நேரம் கொஞ்சம் முந்தி வர வேண்டும். எத்தனை நிமிடம் முந்துகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.